திருப்பிக் குடுக்காத தூக்கு

அதான் கேக்கறேன், அந்த பேக்கரிக்காரன் வூட்ல இருந்து உன் பொண்ணைக் கேட்டு கேக்கு டப்பா வந்து எட்டு நாளாச்சே, நீ ஒரு பதிலும் சொல்லலியாமே? தெருவே பேசிக்கினு கீது. கேக்கை மட்டும் தின்னுட்டீங்க! எனக்கும் ஒரு துண்டு குடுத்த, மேல செர்ரிப்பழம் வச்சது, நல்லாத்தான் இருந்துச்சு. பல்லு இல்லாதவளுக்கு கேக்கு மாதிரி சொகம் இன்னா இருக்கு. ஆனா பதில் சொல்லாம இருக்காதம்மா. இப்பிடி உக்காரு, மல்லாட்டையைத் தோலு ஊதிக்கினே சொல்றேன்.

நான் அப்ப கெடார்ல இருந்து வறுத்த மல்லாட்டை, டவுன்காரங்க வேர்க்கடலைங்கறாங்களே, அதை எடுத்துக்கினு விழுப்புரம் வருவேன். தொண்ணூத்தி மூணாவது வருஷம்னு என் பொண்ணு சொல்லுவா, எனக்கு எழுத்தும் தெரியாது கணக்கும் தெரியாது. ஸ்டேஷனுக்குப் போற ரோட்ல பர்மாக்காரம்மா ஒண்ணு வண்டிக்கடை போட்டிருந்துச்சு. தமிழ் ஆளுங்கதான், பொழைக்கப் போயி அங்க இருந்துட்டு திரும்பி வந்தவங்க. அத்தோன்னு விக்கும். மொத நாளு பாத்துட்டு, "இன்னாம்மா இது, மஞ்சாக் கலர்ல புழு மாதிரி நெளியுது"ன்னேன்.

"புழுவைத் தின்னு பாரு அக்கா, அப்புறம் நாளைக்கும் வருவே"ன்னுச்சு.

கோசு, வறுத்த வெங்காயம், புளித்தண்ணி, மொளகாத்தூளு, பூண்டு எண்ணெய் எல்லாத்தையும் நூடுல்ஸ் மேல போட்டு கையாலயே பெசஞ்சு குடுத்துச்சு. கூட வாழத்தண்டு சூப்பு. அடேயப்பா! நாக்கு அப்பிடியே எழுந்து நின்னுக்கிச்சு. நான் என் மடியில இருந்து ரெண்டு கை மல்லாட்டையை நுணுக்கி அது மேல தூவினேன். அந்தம்மா ஒரு வாயி தின்னு பாத்துட்டு, "அக்கா, இனிமே உன் மல்லாட்டை என் வண்டிக்குத்தான்"ன்னு சொல்லிடுச்சு. அதுல இருந்து நான் மல்லாட்டை அக்கா. என் பேரே அதுக்குத் தெரியாது.

ஏழெட்டு வருஷம் ஓடுச்சு. நான் பசியோட அங்க வந்த நாளு இருக்கும், பசியோட திரும்பிப் போன நாளே கெடையாது. வெயில் காலத்துல இன்னொண்ணு பண்ணும். தேங்காப்பால்ல ஜவ்வரிசி, கடல்பாசி, வெல்லப்பாகு, மேல ஐஸை ஒடச்சுப் போட்டு. குடிச்சா வவுறு மட்டுமா, மனசே குளுந்து போவும். இப்ப பஸ் ஸ்டாண்டுல பாலூடான்னு கலர் கலரா விக்கறான் பாரு, அதெல்லாம் அதுங்கிட்ட நிக்குமா? சரி, எங்க வுட்டேன்?

ஆங். ஒரு நாளு அந்தப் பால் இனிப்பை ஒரு எவர்சில்வர் தூக்குல ஊத்தி, ஐஸ் போடாம, என் கையில குடுத்துச்சு. "அக்கா, உன் பொண்ணை வெளியூர்ல வேலை பாக்கற என் புள்ளைக்குக் கேக்கறேன். அவன்கிட்ட இன்னும் சொல்லல, மொதல்ல உன் மனசு தெரியணும். வூட்ல கலந்து பேசு. சரின்னா இந்தத் தூக்குல உன் வூட்டு இனிப்பைப் போட்டுக் கொண்டா"ன்னுச்சு.

வூட்டுக்கு வந்து சொன்னா, எங்க வூட்டுக்காரரு இனிப்பை நல்லா வழிச்சு வழிச்சுக் குடிச்சாரு. குடிச்சு முடிச்சுட்டு, "தள்ளுவண்டிக்காரங்க வூட்லயா பொண்ணு குடுக்கறது? இன்னா வகையறா, இன்னா குலதெய்வம், எவனுக்குத் தெரியும்?"ன்னாரு. நானும் தூக்கை எடுத்துக்கினு கழுவப் போயிட்டேன்.

இப்பத்தான் எனக்குப் பேஜாரு. தூக்கைக் கழுவி வச்சுட்டேன், எப்பிடித் திருப்பிக் குடுக்கறது? நம்ம வூட்ல வெறும் ஏனத்தைத் திருப்பிக் குடுக்கற பழக்கம் உண்டா? கெடையாது. இனிப்பு போட்டா சரின்னு ஆயிடும். உப்பு ஒறப்பு போட்டா சண்டைக்கு இழுக்கற மாதிரி. அரிசி போட்டா பிச்சை மாதிரி. வெறுமனே நீட்டினா மூஞ்சில அடிச்ச மாதிரி. நாளைக்குப் பாக்கலாம், அடுத்த சந்தைக்குப் பாக்கலாம்னு ஆணியில மாட்டி வச்சேன். நான் போறப்ப வரப்ப எல்லாம் அது என்னையே பாக்கும். அப்புறம் என்னா பண்ணேன் தெரியுமா? அந்த ரோட்டுப் பக்கமே போவறதை வுட்டுட்டேன். மல்லாட்டையை திண்டிவனம் பஸ்ல ஏத்திக்கினு போயி வித்தேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாம, சோறு போட்ட கையை விட்டு ஓடிப் போனவ நானு.

பொண்ணைப் பெருமுக்கல் பக்கம் குடுத்தோம். நல்லாத்தான் கீறா, அதுல கொறையில்ல. நான் அதுக்கா அழுவறேன்?

போன மாசம் கண்ணு ஆபரேஷன் பண்ணி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கினு திண்டிவனத்துல நடந்து வந்தேன் பாரு, திடீர்னு பூண்டு எண்ணெய் வாசனை. போர்டு படிக்கத் தெரியாது, மூக்குதான் படிச்சுது. சின்னக் கடை, நாலு சேரு. ஒரு ஆம்பளை அத்தோ பெசையறான், பொண்டாட்டி சூப்பு ஊத்தறா. வாங்கித் தின்னேன். மேல மல்லாட்டைத் தூளு!

"இன்னாப்பா, வேற எங்கயும் இதைப் போட மாட்டாங்களே?"ன்னு கேட்டேன்.

"எங்கம்மா பழக்கம் பாட்டி. விழுப்புரத்துல மல்லாட்டை அக்கான்னு ஒருத்தங்க கொண்டாந்து குடுப்பாங்களாம். திடீர்னு வரலியாம். அப்புறம் அம்மா கடையில வாங்கிப் போடும். போடறப்ப எல்லாம், அந்த அக்கா மல்லாட்டை மாதிரி இல்ல, பாவம் அக்காவுக்கு ஒடம்புக்கு இன்னாவோன்னு சொல்லிக்கினே போடும்."

"அம்மா எங்கப்பா?"

"தவறிப் போயி மூணு வருஷமாச்சு பாட்டி."

என்னைத் திட்டியிருந்தாக்கூட ஆறியிருக்கும். நான் ஒடம்பு சரியில்லாம கெடக்கறேன்னு நெனச்சுக்கினே போயிருக்கு. நான்தான் அந்த அக்கான்னு அவங்கிட்ட சொல்லவும் வாய் வரலடி. காசைக் குடுத்துட்டு, மறுபடியும் ஓடியாந்துட்டேன். வயசாயும் புத்தி வரல பாத்தியா.

அதான் இன்னிக்கு ஆணியில இருந்து தூக்கை எறக்கி, புளி போட்டு வெளக்கி வச்சிருக்கேன். பளபளன்னு கீது பாரு. மல்லாட்டை உருண்டை புடிச்சு அது நெறையப் போட்டு, காலையில மொத பஸ்ஸுக்குப் போறேன். நீ சிரி. இப்ப பழங்கதையைச் சொல்லி இனிப்பை நீட்டினா, சம்மந்தத்துக்குச் சரின்னு சொல்ல வந்த கெழவின்னு அவன் பொண்டாட்டி தொடப்பத்தை எடுப்பாளோ என்னவோ. எடுக்கட்டும். ரெண்டு அடி வாங்கினாலும் இந்தத் தடவை யாருன்னு சொல்லிட்டுத்தான் வருவேன். நீயும் எழுந்து போயி அந்த பேக்கரிக்காரன் பொண்டாட்டிகிட்ட...

ஐயய்யோ, வெல்லம் தீயுற வாசனை! பேசிக்கினே அடுப்பை மறந்துட்டேன் பாரு. பாகு முறுகினா உருண்டை கல்லாயிடும். நவுரு நவுரு, அந்த மொறத்தை ஜல்தியா இப்பிடிக் குடு.