சாம்பாரும் கொதித்தது… கிராபிக்ஸ் கார்டும் கொதித்தது!

போன வாரம் வலங்கைமான் பக்கம் ஒரு கல்யாணம். சாயங்கால ரிசப்ஷன் நேரத்தில் மண்டபம் முழுக்க ஒரு தீய்ந்த வாடை. சமையல்காரர்தான் கோட்டை விட்டுவிட்டார் என்று எல்லோரும் அவரைத் திட்டினார்கள். பாவம் அவர்! தீய்ந்தது என் தம்பியின் கம்ப்யூட்டர்.

தம்பி பாஸ்கர் மன்னார்குடியில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். கேமரா அவன் மனைவி மலர்; எடிட்டிங் அவன். இந்த சீசனில் அவனுடைய புது ஐட்டம் — காலையில் தாலி கட்டுவதை எடுத்து, பாட்டு, ஸ்லோ மோஷன் எல்லாம் சேர்த்து, அன்று சாயங்காலமே பெரிய எல்.ஈ.டி. திரையில் போட்டுக் காட்டுவது.

பெண்ணின் அப்பா கோவிந்தராசு, நெல் விவசாயி. வாய் திறந்தே பேசாதவர், இந்தப் படத்தைப் பற்றி மட்டும் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. கையோடு பெண்ணையும் அழைத்துக்கொண்டு கிளம்புகிறார்.

சாயங்காலத்துக்குள் படம் முடிய வேண்டுமே? தம்பி ஓவர்கிளாக்கிங்கில் இறங்கிவிட்டான்.

அதாவது, கம்ப்யூட்டரில் படம் சம்பந்தமான வேலையைச் செய்கிற கிராபிக்ஸ் கார்டை, அதைத் தயாரித்தவன் சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டுவது. ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். திரையில் தெரிகிற ஒரு பொத்தானை மவுஸால் வலது பக்கம் இழுத்தால் வேகம் கூடும். சூடும் கூடும். இவ்வளவுக்கு மேல் சூடானால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ள ஒரு வரம்பு இருக்கிறது. தம்பி அதையும் வலது பக்கம் இழுத்துவிட்டான்!

நம் வீடுகளில் மட்டும் என்ன வாழுகிறதாம்? எல்.கே.ஜி. குழந்தைக்கு அபாகஸ், இந்தி, கராத்தே, கீபோர்டு… குழந்தை ஜுரத்தில் சுருண்டு படுத்தால், ‘நல்லாத்தானே இருந்துச்சு!’ என்று ஆச்சரியம் வேறு.

தம்பிக்கு ஒதுக்கிய அறை சமையல்கட்டை ஒட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் சாம்பார் கொதிக்கிறது. இந்தப் பக்கம் கார்டு.

“சூடு ஏறிக்கிட்டே போகுதுங்க. ஸ்பீடைக் குறைங்க” என்றாள் மலர்.

“அதெல்லாம் தாங்கும்.”

“யாரு சொன்னா?”

“யூட்யூப்ல ஒருத்தர்.”

அந்த ஒருத்தர் ஏ.சி. அறையில் உட்கார்ந்து சொன்னாரா, அடுப்பங்கரையில் நின்று சொன்னாரா… யார் கேட்டது? தம்பி கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை வைத்தான். அது அடுப்பு அனலை அள்ளி அள்ளி உள்ளே வீசியது.

முதலில் திரையில் பச்சைப் புள்ளிகள். அடுத்து, மாப்பிள்ளையின் முகம் லுங்கித் துணி மாதிரி கட்டம் கட்டமாகச் சிதறியது. பிறகு இருட்டு. பிறகு அந்த வாடை.

அந்த நேரம் பார்த்துக் கோவிந்தராசு எட்டிப் பார்த்தார். “தம்பி, மாப்ள வீட்டுக்காரங்கல்லாம் வந்து உக்காந்துட்டாங்க. படத்தைப் போட்டுடலாமா?”

“இதோ… போட்டுடலாம்ணே.”

அவர் தலை மறைந்ததும் தம்பி மனைவி பக்கம் திரும்பினான். “மலர், காப்பி பண்ணதும் மெமரி கார்டை அழிக்கச் சொன்னேனே… அழிச்சிட்டியா?”

“நீங்க சொன்னதை என்னைக்கு நான் உடனே செஞ்சிருக்கேன்?”

மனைவி தன் பேச்சைக் கேட்காததற்காக ஒரு கணவன் கையெடுத்துக் கும்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

மெமரி கார்டைக் கேமராவில் போட்டு, ஒரே ஒரு ஒயரால் எல்.ஈ.டி. திரையோடு இணைத்தாள் மலர். எடிட்டிங் இல்லை, பாட்டு இல்லை. எடுத்தது எடுத்தபடி ஓடியது. மாலைக்குள்ளிருந்து கொட்டாவி விடுகிற மணப்பெண். வேட்டி அவிழ்ந்து ஓடுகிற மாப்பிள்ளைத் தோழன். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது.

தாலி கட்டுகிற நேரம் வந்தது. அட்சதை போட எல்லோரும் முண்டியடிக்க, கேமரா ஒரு கணம் இடிபட்டுத் திரும்பியிருக்கிறது. தூண் ஓரம் கோவிந்தராசு. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறார்.

சிரிப்பு அப்படியே நின்றது.

“வெளிச்சம் சரியில்லன்னு இதை நான் வெட்டிட்டேன்க்கா” என்றான் தம்பி என் காதில்.

மேடையில் நின்ற பெண் திரையையே பார்த்தாள். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மடமடவென்று இறங்கி வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்தாள்.

“என்னம்மா எறங்கி வந்துட்ட… ஜனங்க பாக்குறாங்க பாரு…”

“பாக்கட்டும்ப்பா. நீங்க வாங்க.”

மேடைக்கு அழைத்துப் போய்த் தனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டாள். மொய்க் கவரோடு நின்ற வரிசை அப்படியே காத்திருந்தது. யாரும் அவசரப்படவில்லை.

நாங்கள் கிளம்பும்போது கோவிந்தராசு தம்பியின் தோளைத் தட்டினார். “படம் நல்லா இருந்துச்சு தம்பி.”

“அவ எடுத்ததுண்ணே” என்று மலரைக் காட்டினான். பரவாயில்லை, அந்த மட்டும் நேர்மை இருக்கிறது.

சரி, திருந்தினானா? நேற்று போன் செய்தான். “அக்கா, புது கார்டு பாத்து வெச்சிருக்கேன். எவ்ளோ ஸ்பீடா ஓட்டினாலும் சூடே ஏறாதாம். உள்ளேயே குழாய் வெச்சுத் தண்ணி ஓடுமாம்!”

மேட்டூர் எப்போது திறக்கும் என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதத்தில், தண்ணீரை நம்பித் தொழிலில் இறங்குகிற துணிச்சல் டெல்டாக்காரனைத் தவிர வேறு யாருக்கு வரும்?