சிலுப்பாத கடாவும் இரண்டாம் பாகமும்

"பொய்க் கதை படிக்கறதுக்கா இந்தப் பொண்ண பள்ளிக்கூடம் அனுப்பிக்கினு இருக்க?" என்று மாமா என் அம்மாவிடம் கேட்டபோது நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. அன்று என் கையில் இருந்தது பள்ளி நூலகத்தில் எடுத்த ஒரு மந்திரவாதிக் கதை. அம்மா, "பொய்யோ மெய்யோ, எழுத்துக் கூட்டிப் படிக்குதா இல்லியா?" என்று சொல்லிவிட்டு நாற்று நடப் போய்விட்டாள். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. ஆகவே பெருமையாகவே சொல்லிவிடுகிறேன்.

இப்போது அயர்லாந்தில் கார்க் என்ற நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியாக இருக்கிறேன். இங்கே சினிமாவுக்குப் போனால் முதலில் பழக வேண்டியது சும்மா இருப்பது. பாப்கார்னைக்கூடத் திருடித் தின்பவர்களைப் போலத்தான் மெல்லுகிறார்கள். ஒரு நாள், படத்தில் நாயகி முதன்முதலாகத் திரையில் வந்தபோது என் வாய் தானாக விசிலுக்குக் குவிந்தது. என்னோடு வேலை செய்யும், ஒரே வீட்டில் தங்கியிருக்கும் நோரா, எனக்குப் பல்வலி என்று நினைத்துக் கைப்பையில் மாத்திரை தேடினாள்.

அன்று நாங்கள் பார்த்தது, நர்சிங் கல்லூரி விடுதியில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் படித்த முதல் ஆங்கில நாவலின் படம். கடலில் மூழ்கிப்போன ஒரு நாட்டை மேலே கொண்டுவர ஒரு பெண் புறப்படுகிறாள். அந்த நாட்டுக் கோயில் மணியை அடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். துணைக்கு ஒரு கிழட்டு வெள்ளைக் கடா. பேசும். ஆனால் தேவைப்பட்டால்தான் பேசும், அதுவும் சிடுசிடுவென்று. புத்தகம் இரண்டு பாகம், படமும் இரண்டு பாகம்; படத்தில் இரண்டாவது இன்னும் வரவில்லை. முதல் பாகத்தின் முடிவில் அந்தக் கடா, எதிரியைக் கொம்பால் முட்டிக்கொண்டே பனிப் பள்ளத்தில் விழுந்துவிடும். நானும் அழுதேன், நோரா தேம்பித் தேம்பி அழுதாள். இரண்டாம் பாகம் அவள் படித்ததில்லை. "எதுவும் சொல்லிவிடாதே!" என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். இந்த ஊரில் கதையின் முடிவைச் சொல்வதற்கு ஸ்பாய்லர் என்று பெயர். அதைச் செய்தவர்களோடு ஒரு வாரம் பேச மாட்டார்கள்.

வெளியே வந்து கண்ணைத் துடைத்தபடி, "உங்கள் வீட்டில் ஆடு உண்டா?" என்று கேட்டாள்.

"உண்டு. என் வேலைக்காக அம்மா ஒரு கடா வளர்க்கிறாள்."

"உன் வேலைக்காகவா! எவ்வளவு அழகான பரிசு! அதன் பெயர் என்ன?"

"பெயரெல்லாம் வைக்க மாட்டோம்."

"ஏன்?"

பெயர் வைத்தால் குழம்பு இறங்காது என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? "எங்கள் வழக்கம்" என்றேன். நோரா மிகுந்த மரியாதையோடு தலையாட்டினாள். விஷயம் இதுதான்: எனக்கு விசா வராமல் இழுத்துக்கொண்டிருந்தபோது, வேலை நிலைத்தால் கடா வெட்டுவதாக அம்மா முனீஸ்வரனிடம் வேண்டிக்கொண்டாள். அப்பா கல்வராயன் மலையேறி, வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வேலை நிலைத்தது, கடாவும் கொழுத்தது. என் விடுப்பில் வரும் ஞாயிற்றுக்கிழமைக்காக இரண்டு பேருமே காத்திருந்தோம், முனீஸ்வரனும் நானும். இங்கே கடையில் விற்கும் ஆட்டுக்கறியைத் தின்று நாக்கு செத்துக் கிடந்தேன். திரையில் செத்த கடாவுக்காக அழுத அதே இரவு, வீட்டுக் கடாவை நினைத்து எச்சில் ஊறியது. இதில் எனக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஊருக்கு வந்தபோது அதே படம் தமிழில் பேசிக்கொண்டு கள்ளக்குறிச்சியில் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளித் தோழி கவிதா, கள்ளக்குறிச்சியில் மருந்துக் கடையில் வேலை செய்கிறவள், சனிக்கிழமைப் பகல் காட்சிக்கு எல்லோருக்கும் சீட்டு எடுத்துவிட்டாள். நான், அம்மா, அப்பா, மாமா, கவிதா. எனக்கு உள்ளுக்குள் ஒரு பதற்றம். போனில் நாங்கள் பேசுவதெல்லாம் சாப்பிட்டாயா, மழை பெய்கிறதா என்ற இரண்டு கேள்விக்குள் சுருங்கிப் போயிருந்தது. என் உலகத்தில் இருந்து ஒன்றையாவது இவர்கள் ரசித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

படம் தொடங்கியதும் அந்த ஆசை ஆட்டம் கண்டது. ஆங்கிலத்தில் கிழவனைப் போல் முணுமுணுக்கும் கடாவுக்குத் தமிழில் கூத்து ராஜா குரல் கொடுத்திருந்தார்கள். "மகளே, அஞ்சேல்!" என்று அது கர்ஜித்தபோது கொட்டகையே கைதட்டியது. மலைகள் வந்தபோது அப்பா, "இது நம்ம மேகம் அருவிக்குப் போற வழிதான், நல்லாத் தெரியும்" என்றார். பனி கொட்டிக் கிடக்கிறதே என்றேன். "மார்கழில எடுத்திருப்பான்" என்றார். பின்வரிசையில் ஒருவர் அதை ஆமோதித்தார்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. மலைவாசிகள் விருந்தாளிக் கடாவுக்கு மரியாதையாகப் பூமாலை போடுகிறார்கள். கார்க்கில் நான் இதைச் சாதாரணமாகத்தான் பார்த்தேன். இங்கே அம்மா என் முழங்கையைப் பிடித்தாள்.

"மால போட்டுட்டாங்கடி."

"அது சும்மா மரியாதைக்கும்மா."

"மரியாதைக்கு ஆட்டுக்கு எவன் மால போடுவான்?" என்றார் மாமா. "அவ்ளோதான். முடிஞ்சிது."

அடுத்த காட்சியில் கடா ஆற்றைக் கடக்கிறது. கரையேறி, நின்று, கொம்பில் இருந்து வால் வரைக்கும் உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்புகிறது. வெயிலில் தண்ணீர் வைரமாகத் தெறிக்கிறது. கார்க்கில் இந்த இடத்தில் கொட்டகை முழுவதும் "ஆவ்" என்று குழந்தையைக் கொஞ்சுவது போல் முனகியது. கள்ளக்குறிச்சியில் ஒரு நொடி யாரும் மூச்சு விடவில்லை. அடுத்த நொடி, "குடுத்துடுச்சிடா!" என்று முன்வரிசையில் ஒருவர் கத்தினார். எங்கள் பக்கத்தில் பலி கடா மேல் தண்ணீர் தெளித்துக் காத்திருப்போம். அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமிக்குச் சம்மதம், கடாவுக்கும் சம்மதம். சிலுப்பாவிட்டால் கத்தியைத் தொடக்கூடாது. அந்தக் கதையை எழுதிய தூரதேசத்துக்காரருக்கு இது சத்தியமாகத் தெரியாது. ஆனால் கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் கதையின் முடிவு தெரிந்துவிட்டது. சிலர் விசில் அடித்தார்கள். அம்மா தலைக்கு மேல் கை கூப்பினாள். கவிதாகூட, பி.பார்ம் படித்தவள், "ஐயோ பாவம், ஒத்துக்கிச்சி பாரு" என்றாள்.

அதன்பிறகு கடா எது பேசினாலும் சம்மதம் கொடுத்த ஆளின் கடைசி வார்த்தையாகத்தான் எல்லோரும் கேட்டார்கள். அது பள்ளத்தில் விழுந்தபோது அதிர்ச்சி அடைந்தவர் யாருமில்லை, அழாதவரும் யாருமில்லை. மாமாவுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. "பூசாரி இல்ல, பம்பை இல்ல, பொங்கல் இல்ல. இப்பிடிக் குடுத்தா நாடு எப்பிடி மேல வரும்? இன்னும் கீழதான் போவும்" என்று துண்டால் மூக்கைச் சிந்தினார்.

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் அம்மா கேட்டாள்: "அடுத்த பொஸ்தகத்துல அது திரும்ப வருமா?"

"அதெல்லாம் சொல்லக்கூடாதும்மா. சொன்னா படம் பாக்கற ருசி போயிடும்."

"படிச்ச திமிரு" என்றார் அப்பா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"பாரதக் கூத்துப் படுகளத்துல ராஜா சாவறது ஊருக்கே தெரியுமே" என்றாள் அம்மா. "வருசா வருசம் தெரிஞ்சிதான் போறோம், தெரிஞ்சிதான் அழுவறோம். ருசி எங்க போச்சி?"

எங்கள் ஊர்க் கூத்துக்கு என்ன நடக்கும் என்று பார்க்க யாரும் போவதில்லை. நடக்கப்போவது தெரிந்திருப்பதால்தான் இடம் பிடிக்கப் பாயோடு முன்னாலேயே போகிறோம். ஆனாலும் நான் முடிவைச் சொல்லவில்லை. கார்க்கில் கற்றுக்கொண்ட நாகரிகம், பேருந்தில் எப்படி விட்டுக்கொடுப்பது?

வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் எங்கள் கடா கட்டியிருந்தது. அதுவும் வெள்ளைதான். அம்மா அதைப் பார்க்காமல் உள்ளே போனாள். பிறகு வெளியே வந்து அகத்திக்கீரை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னா, பேச மாட்டியா?" என்று அதனிடம் கேட்பது சமையலறை வரைக்கும் கேட்டது. நான் மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் குழம்புக்கு.

ஞாயிறு காலை கோயிலில் எல்லாம் முறைப்படி நடந்தது. மாலை போட்டார்கள், மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். பூசாரி தண்ணீர் தெளித்தார். கடா நின்றது. மறுபடி தெளித்தார். கடா கழுத்து மாலையில் ஒரு சாமந்தியை எட்டிக் கடித்தது. மாமா பொறுமை இழந்தார்.

"காதுல ஊத்துங்க சாமி, சொம்போட ஊத்துங்க!"

சொம்போடு ஊற்றினார். தண்ணீர் சேம்பிலையில் விழுந்தது போல் உருண்டு ஓடியது. ஒரு மயிர்க்கால் நனையவில்லை. பூசாரி கடாவின் முதுகைத் தடவி, விரல்களை முகர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, ஆடு வழுக்குது?"

"மலையாடுங்க சாமி. தோலு அப்பிடி" என்றாள் அம்மா.

"தேங்காண்ண வாசன வருதே?"

"விசேஷத்துக்குப் போறப்ப நாம எண்ண தேச்சிக்கறதில்லீங்களா? அதுவும் ஒரு உயிருதானே."

மாமா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "எக்கா! சாமியவே ஏமாத்தறியா?" என்றார். அம்மா நேராக முனீஸ்வரனிடமே பேசினாள். சத்தமாக, எல்லோர் முன்னாலும். "அப்பா, சாமி, இன்னிக்கி அதுக்கு மனசு இல்ல. ரெண்டாம் பாகம் வரட்டும். அந்தக் கடா பொழச்சி வந்தா இதுவும் பொழச்சிப் போவட்டும், ஒனக்குச் சேவல் அறுக்கறேன். வரலன்னா ஒன் கடா ஒனக்கு. நான் தடுக்க மாட்டேன்." பூசாரி சற்று யோசித்து, திருநீறு கொடுத்துவிட்டார். அன்று மதியம் என் மசாலாவில் வெந்தது கத்திரிக்காயும் கருவாடும்.

விடுப்பு முடிந்து கார்க் வந்து சேர்ந்த பிறகுதான் பயம் பிடித்தது. புத்தகத்தில் அந்தக் கடா வருகிறது. கடலுக்கடியில் மணி அடிக்கும்போது, பனிக்குள் இருந்து திட்டிக்கொண்டே நடந்து வருகிறது. ஆனால் படம் எடுப்பவர்களை நம்ப முடியுமா? முதல் பாகத்திலேயே ஒரு அத்தியாயத்தை முழுவதும் வெட்டி, கடாவின் நல்ல வசனங்களில் பாதியைப் பிடுங்கி இளவரசனின் வாயில் வைத்தவர்கள் அவர்கள். செலவு மிச்சம் என்று கடாவைப் பள்ளத்திலேயே விட்டுவிட்டால்? அம்மா சொன்ன சொல்லை மீற மாட்டாள். எங்கோ ஒரு அறையில் நாலு பேர் கதையைச் சுருக்கினால், மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு உயிர் போகும். இதை நோராவிடம் சொல்லி ஆறுதல் தேடவும் வழியில்லை. சொன்னால் ஸ்பாய்லர்.

போன வாரம் ஒரு முடிவுக்கு வந்தேன். படம் வருவதற்கு முன்னால் கதை ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அம்மாவிடம் போனில் கேட்டேன்: "நீ சாமிகிட்ட ரெண்டாம் பாகம்னுதானே சொன்ன? படம்னு சொல்லலியே?"

"ஆமா, பாகம்னுதான் சொன்னேன்" என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது. "பொஸ்தகத்துலயும் பாகம் இருக்குதா?"

"இருக்குது."

"அப்ப இன்னாத்துக்குக் காத்துக்கினு இருக்க? ஆரம்பி."

வேலை முடிந்து வந்ததும் தினமும் சமையலறையில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்துக்கொள்கிறேன். கண் ஆங்கிலத்தில் ஓடுகிறது, வாய் ஊர்ப் பேச்சில் சொல்கிறது. அந்தப் பக்கம் அம்மா, அப்பா, மாமா மூவரும் போனை ஒலிபெருக்கியில் போட்டுச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். மாமாதான் அதிகம் குறுக்கே பேசுகிறார். "இருடி, இருடி, அந்த ஓடக்காரன் சொன்னத இன்னொரு வாட்டி சொல்லு" என்கிறார். இந்தப் பக்கம் எதிரே நோரா உட்கார்ந்து தேநீர் குடிக்கிறாள். அவள் கையில் இருப்பதும் அதே இரண்டாம் பாகம்தான், இப்போதுதான் வாங்கியிருக்கிறாள். அவ்வப்போது தலையைத் தூக்கி, "எதையும் சொல்லிவிடாதே" என்று உதட்டில் விரல் வைக்கிறாள். நான் அவளுக்குச் சத்தியமாகத் தலையாட்டிவிட்டு, போனில் அடுத்ததைச் சொல்கிறேன். நேற்று மணிக்கூண்டு அத்தியாயத்தை முடித்தேன். அதற்கு அடுத்த பக்கத்தில் பனி விலகுகிறது.