சென்னியப்பன் அண்ணனின் ட்ரைபாட்

சென்னியப்பன் அண்ணன் இறந்த செய்தி எனக்கு ஃப்ரீவேயில், அவர் விடுப்பில் இருந்ததால் தனியாக வேலைக்குப் போகும் வழியில் வந்தது. அவருடைய மகள் கூப்பிட்டிருந்தாள். "அங்கிள், டாட் இஸ் கான்" என்றாள். மாரடைப்பு. கொஞ்சம் அழுது முடித்துவிட்டு, அப்பா அந்த ட்ரைபாடை உங்களுக்குத்தான் கொடுக்கச் சொல்லியிருந்தார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஒரு கேஸ் ஸ்டேஷன் ஓரமாக வண்டியை நிறுத்தினேன். எஞ்சினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் போய்விட்டாரே என்பதற்கா, அந்த ட்ரைபாட் என் வீட்டுக்கு வரப்போகிறதே என்பதற்கா என்று கேட்டால் இன்றுவரை எனக்குத் தெரியாது.

டெக்சாஸில், பேர்லேண்டில் இருக்கும் அவர் வீட்டு ஹாலில் இங்குள்ள தமிழர்கள் நாம் எல்லோரும் கூடியபோது யாரோ அந்தப் பழைய கேலியை எடுத்தார்கள். "ஒரு வடைய வெச்சா ரெண்டுன்னு எண்ணுவாரே நம்ம சென்னி!" எல்லோரும் சிரித்தீர்கள். அவர் மனைவி தங்கமணி அக்காகூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நிறுத்த வேண்டியவன் நான் ஒருவன்தான். நானோ காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர், நான் கீழக்கரைக்காரன். ஒரே அலுவலகம், ஒரே கார். ஒன்பது வருடம் அவர் ஓட்ட நான் தூங்கியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் நம்மவர்கள் கிரிக்கெட் மட்டையோடு கிளம்பினால் அவர் துப்பாக்கியோடு கிளம்புவார். காகித இலக்கைச் சுட்டுப் பழகுவார். நவம்பர் வந்தால், மூன்று மணி நேரத் தொலைவில் குத்தகைக்கு எடுத்திருந்த காட்டு நிலத்தில் மான் வேட்டை. அவருடைய மான் கறி வறுவலை உங்களில் பாதிப் பேர் சாப்பிட்டிருப்பீர்கள். அது ஹலால் இல்லை, எனக்கு ஆகாது என்பதால் எனக்கு மட்டும் தனியாகத் தயிர் சாதம் கட்டி எடுத்து வருவார்.

வேட்டையில் அவருக்கு ஒரு கட்டளை உண்டு. "மொதல்ல பைனாகுலர், அப்பறந்தானுங்க துப்பாக்கி." துப்பாக்கி மேலே இருக்கும் ஸ்கோப் வழியாக எதையும் என்ன ஏது என்று பார்க்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் பார்க்கும்போதே குறி வைத்தாயிற்று என்பார். ட்ரைபாட் மேல் பைனாகுலரைப் பூட்டிப் பார்த்து, மான்தான் என்று உறுதியான பிறகே அதைக் கழற்றித் துப்பாக்கியை மாட்டுவார். இதற்கு ஒரு நிமிடம் போகும். அந்த ஒரு நிமிடத்தில் பல மான்கள் தப்பித்திருக்கின்றன. நானும் தப்பித்தேன்.

அது 2003 நவம்பர். நான் முதன்முதலாகக் கூடப் போயிருந்தேன். அவருடைய ட்ரைபாட் உடைந்திருந்ததால், என் பிள்ளைகளின் பிறந்தநாள் வீடியோ எடுக்கும் என்னுடைய சோப்ளாங்கி ட்ரைபாடைத்தான் கொண்டுபோயிருந்தோம். ட்ரக் பக்கத்திலேயே இருங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். பிற்பகல் தொழுகையான அசருக்கு நேரமாகிவிட்டது. ட்ரக் நின்ற இடமெல்லாம் முள். சமமான தரை தேடி, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வேலியோரம் வரை நடந்துவிட்டேன். குளிருக்காக என் மனைவி கொடுத்தனுப்பிய பழுப்புக் கம்பளிப் போர்வையைத் தலையோடு போர்த்தியிருந்தேன். முழங்காலளவுப் புல். மான் சீசனில் புல்லுக்குள் பழுப்பு முதுகோடு குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்த அறிவாளி டெக்சாஸிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தொழுது முடித்துத் திரும்பி வந்தபோது அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"ஏனுங்க பாய், உங்ககூட இருந்தவரு எங்கீங்க?"

"யாரு அண்ணே? நான் மட்டுந்தான் போனேன்."

"ரெண்டு பேரு இருந்தீங்க. நான் பாத்தனுங்க."

ட்ரைபாட் ஆடியிருக்கும், அதனால் ஒன்று இரண்டாகத் தெரிந்திருக்கும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். வேலிக் கம்பம் ஒன்றாகத்தான் தெரிந்ததாம், ஆள் மட்டும்தான் இரண்டு. இன்னொருவர் என் வலப்பக்கம், ஒரு சாண் பின்னால் நின்றாராம். நான் குனிந்த பிறகு அவர் குனிந்தாராம், நான் நிமிர்ந்த பிறகு அவர் நிமிர்ந்தாராம்.

நான் வேலியோரத்தைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேர் சேர்ந்து தொழுதால், நடத்துகிறவரைப் பின்பற்றுகிறவர் அங்கேதான் நிற்பார், அப்படித்தான் ஒரு கணம் தாமதித்துக் குனிவார். கோபிச்செட்டிபாளையத்து அண்ணனுக்கு அது தெரிய வழியே இல்லை. நானும் சொல்லவில்லை.

அன்றோடு அவர் மானைச் சுடுவதை நிறுத்தினார். பயந்துபோனதாக நீங்கள் பேசிக்கொண்டீர்கள். பயம் இல்லை. "இல்லாத ஆள இருக்கறதாக் காட்டுன கண்ணு, இருக்கற ஆள ஒரு நாள் இல்லாமப் பண்ணிட்டா?" என்று என்னிடம் கேட்டார். தன் கண்ணை நம்பலாமா கூடாதா என்று தெரியாமல் விரலை விசையில் வைக்க மாட்டேன் என்றார். கண் டாக்டர் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது ட்ரைபாட்.

அதன்பிறகு அவர் ட்ரைபாட் வாங்கிய கதை உங்களுக்குத் தெரியும், காரணம் தெரியாது. கடையில் ஒவ்வொன்றாக விரித்து, உடம்பின் கனம் முழுவதையும் அதன் மேல் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். விற்பவன் என்னைப் பார்ப்பான். நான் கூரையைப் பார்ப்பேன். நடுத்தண்டை உயர்த்தினால் ஆடும், ஆகவே தண்டே இல்லாததை வாங்கினார். அலுமினியம் போய்க் கார்பன் ஃபைபர் வந்தது. ரப்பர் பாதம் போய் மண்ணில் இறங்கும் ஆணிப் பாதம் வந்தது. துப்பாக்கியைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் இரண்டு முறை மாறியது. ஹில்கிராஃப்ட் இந்தியக் கடையில் வாங்கிய பாஸ்மதி அரிசிப் பையில் மணலை நிரப்பி, கால்களுக்கு நடுவே தொங்கவிட்டார். "காலு ஆடுனா கண்ணும் ஆடுமுங்க பாய்" என்பார். ஒவ்வொரு நவம்பரும் நான், மான் என்று நினைத்து யாரும் சுடாதிருக்க ஆரஞ்சு அங்கி மாட்டிக்கொண்டு, அதே வேலியோரம், அதே நேரத்தில் தொழுவேன். அவர் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தால் இரண்டு விரலைக் காட்டுவார்.

2007-ல் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த முறை நீங்கள் பாருங்கள், நான் அங்கே போகிறேன் என்றார். "உங்களுக்கும் ரெண்டு தெரிஞ்சா எங்கண்ணு சரி, அடுத்த வாரமே மானுக்குப் போறனுங்க. ஒண்ணுதான்னா துப்பாக்கியெல்லாம் குடுத்தர்றன்." ஆரஞ்சு அங்கியோடு நடந்து போனார். தொந்தியோடு அவர் என்னைப் போலவே முழங்காலில் கை வைத்துக் குனிந்ததைப் பார்த்துச் சிரிப்பு வந்தது.

அப்போது அவருடைய வலப்பக்கத்துப் புல் அசைந்தது. காற்று இல்லை. ட்ரைபாட் கல்தூண் மாதிரி நின்றது. பழுப்புப் போர்வை போர்த்திய ஒரு முதுகு, அண்ணன் குனிந்த பிறகு குனிந்தது. அவர் நிமிர்ந்த பிறகு நிமிர்ந்தது, அவர் உட்கார்ந்த பிறகு உட்கார்ந்தது. என் போர்வையை நான் நான்கு வருடத்துக்கு முன்பே தூக்கிப் போட்டிருந்தேன். அண்ணனுக்குத் தொழுகையின் முடிவு தெரியாது, எழுந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தது எழவில்லை. உட்கார்ந்தபடியே தலையை வலப்பக்கம் திருப்பியது. பிறகு, ஸலாம் சொல்லி முடிக்கிறவர் திரும்புவதுபோல, இடப்பக்கம் திருப்பியது. அதன் இடப்பக்கத்தில், தொலைவில் ட்ரைபாடுக்குப் பின்னால் நான் இருந்தேன். போர்வைக்குள் முகம் இருக்க வேண்டிய இடத்தை நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

அண்ணன் மூச்சு வாங்க வந்து நின்றார். என் முகத்தையே பார்த்தார்.

"ஒண்ணுதான் அண்ணே" என்றேன்.

"நல்லாப் பாத்தீங்களா பாய்?"

"நல்லாப் பார்த்தேன்."

சரியென்று மணல் பையைக் கழற்றினார். பையை அவிழ்த்து மணலைக் கொட்டியபோது அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. அந்த வாரமே துப்பாக்கிகளைக் கொடுத்துவிட்டார். கேட்டவர்களிடம், என் கண் ஒன்றை இரண்டாகக் காட்டுகிறது என்றார். ஹால் நிறையச் சிரிக்க உங்களுக்கு ஒரு கேலி கிடைத்தது. என் பயத்துக்காக ஒரு நல்ல மனிதருடைய கண்ணைப் பொய்யாக்கினேன். அதற்குப் பிறகு அவர் இருந்த இரண்டு வருடமும் தினம் அவர் பக்கத்தில்தான் காரில் உட்கார்ந்து போனேன், சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ட்ரைபாட் இப்போது என் அறையில் நிற்கிறது. கால்களில் வெள்ளை டேப் ஒட்டி அடையாளம் வைத்திருக்கிறார். விரித்துப் பார்த்தேன். அந்த உயரம் அவருடையது இல்லை, என்னுடையது. நான் பொய் சொன்னது அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. அதில் பைனாகுலரைப் பூட்ட எனக்குத் தைரியம் இல்லை. அசர் நேரத்தில் தொழுகைப் பாயை விரிக்கும்போது, வலப்பக்கம் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு விரிக்கிறேன்.

அண்ணே, உங்கள் கண் சரிதான். ரெண்டு பேர்தான்.