தொடப்பம் அக்காவின் தீர்ப்பு

ஒரு படம் தேறுமா தேறாதா என்று தெரிந்துகொள்ள ஞானசுந்தரி திரையைப் பார்க்க வேண்டியதில்லை, தரையைப் பார்த்தால் போதும். உத்திரமேரூரில் ஒரு தியேட்டரில் இருபத்திரண்டு வருடமாகக் கூட்டிப் பெருக்குகிறாள். படம் மொக்கையாக இருந்தால் சனங்களின் கைக்கு வேலை வேண்டும். டிக்கெட்டைச் சுக்குநூறாகக் கிழிப்பார்கள், சீட்டிலிருந்து பஞ்சைப் பிய்ப்பார்கள், பாப்கார்ன் பொட்டலத்தை நக்காத குறையாகக் காலி செய்வார்கள். படம் பிடித்துப்போனால் பொட்டலம் பாதியிலேயே நின்றுவிடும். கை வாய்க்குப் போக மறந்திருக்கும்.

தரை சொன்னதைச் சரிபார்க்க, கதவோரம் துடைப்பத்தோடு நின்று மூன்று ஆட்டத்தையும் துண்டு துண்டாகப் பார்த்துவிடுவாள். எந்த இடத்தில் படம் தூங்குகிறது, எந்த நடிகன் ஏமாற்றுகிறான், எந்தப் பாட்டை வெட்டினால் பிழைக்கும் என்பதெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அவளுக்கு அத்துப்படி. இத்தனை வருடத்தில் சீட்டில் உட்கார்ந்து ஒரு படமும் பார்த்ததில்லை. உட்கார் என்று யாரும் சொன்னதுமில்லை.

மேனேஜர் தாமோதரன் வெள்ளிக்கிழமை முதல் ஆட்டம் முடிந்ததும் வந்து நிற்பார்.

"இன்னா ஞானம், நிக்குமா?"

"ரெண்டு வாரம் நிக்கும் சார். இன்டர்வெல்லுக்கு அப்பால கொஞ்சம் இழுவ. வில்லன் தாங்கிப் புடிச்சிக்கீறான்."

அதை அப்படியே போனில் விநியோகஸ்தரிடம் தன் கணிப்பாகச் சொல்லி, சினிமாவைக் கரைத்துக் குடித்தவர் என்று பேர் வாங்கிக்கொள்வார். ஞானசுந்தரிக்கு அதில் வருத்தமில்லை. நல்லா இல்லாத படத்தை நல்லா கீது என்றோ, நல்ல படத்தை மோசம் என்றோ ஒரு நாளும் சொன்னதில்லை என்பதுதான் அவளுக்குப் பெருமை. அவளிடம் இருந்த ஒரே சொத்தும் அதுதான்.

போன வருடம் மோகன் வந்து சேர்ந்தான். செங்கல்பட்டுக்காரன். புதுப்படம் வந்தால் தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டி, வெளியே வருகிறவர்களின் கருத்தை எடுத்து யூடியூபில் போடுகிறவன். ஒரு பெரிய ஹீரோ படத்தன்று கூட்டம் கலைந்து ஆள் கிடைக்காமல், துடைப்பத்தோடு வந்த ஞானசுந்தரியிடம் நீட்டினான்.

"இந்தப் படத்துக்கா இத்தினி அலப்பற? உள்ள வந்து தரையப் பாரு. டிக்கெட்டுத் தூளு ஒரு கூட நெறைய கீது. பெரிய ஆளு சும்மா நடந்துக்கினே கீறாரு, எங்க போறாருன்னு அவருக்கே தெரில."

மோகன் அதில் நாதஸ்வரத்தையும் கழுதை கத்துவதையும் சேர்த்து, துடைப்பத்தைப் பெரிதாகக் காட்டி, 'தொடப்பம் அக்கா' என்று பெயர் வைத்து ஏற்றினான். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அந்தப் படம் அந்த வாரம் முழுக்க ஹவுஸ்ஃபுல். ஞானசுந்தரியிடம் இருந்தது பட்டன் போன், ஒன்றும் தெரியாது. மானாம்பதியிலிருந்து அவள் வேலைக்கு வரும் பஸ்ஸில் பையன்கள் எழுந்து வந்து அவளோடு செல்ஃபி எடுத்தார்கள். தன் கணிப்புக்கு இப்போதாவது மரியாதை வந்ததே என்று நினைத்தாள், பாவி. வெள்ளிக்கிழமைகளில் நல்ல புடவை கட்ட ஆரம்பித்தாள். காஞ்சிபுரத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் மகள் ஜெனிஃபர் மட்டும் அம்மாவைப் பற்றிக் கடையில் வாயே திறக்கவில்லை.

இந்த ஆடி மாதம் ஒரு சின்னப் படம் வந்தது. தமிழ்வாணன் என்ற புது இயக்குநர், முகம் தெரியாத நடிகர்கள். பம்புசெட் மெக்கானிக் ஒருவனுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, வீட்டில் சொல்லாமல் மறைக்கிறான், அவ்வளவுதான் கதை. முதல் ஆட்டத்துக்கு முப்பத்தாறு பேர். முடிந்து உள்ளே போனால் தரையில் ஒரு டிக்கெட் தூள் இல்லை. பாப்கார்ன் பொட்டலங்கள் நிறைந்தபடி நின்றன. ஞானசுந்தரி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

வாசலில் மோகனிடம் ஏழு நிமிடம் பேசினாள்.

"தனக்குக் கண்ணு தெரிலன்னு அவன் யார்கிட்டயும் சொல்லல. சோத்துல கைய வைக்கறதுக்கு முன்னாடி தட்ட ஒரு தபா தொட்டுப் பாக்கறான் பாரு, அதுதான் படம். பொண்டாட்டி அதப் பாத்துட்டு, அடுத்த நாள்லேர்ந்து தட்ட அதே எடத்துல வைக்கறா. பேச்சே இல்ல. கொறையும் கீது. கடைசி மழ வேஸ்ட்டு, அவன் மேல மட்டும் பெய்யுது, பின்னாடி செவுரு காஞ்சிகீது. இருந்தாலும் வாங்க. இத்த வுட்டுடாதீங்க." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

ஏழு நிமிடத்தில் மோகனுக்கு வேண்டியது அழுத நாற்பது நொடி. அதற்குச் சோக வயலின் போட்டு, நடுநடுவே சிரிப்புச் சத்தம் சேர்த்தான். சாயங்காலம் கேட்டுக்கு வெளியே ஐம்பது பையன்கள், அவளைப் போல மூக்கைச் சிந்திக்காட்டி ரீல்ஸ் எடுத்தார்கள். உள்ளே பதினோரு பேர்.

தாமோதரன் கறாராகச் சொன்னார். "ஞாயித்துக்கெழம மேட்னிக்கு அம்பது பேர் வந்தா வச்சிக்கலாம். இல்லாட்டி திங்கக்கெழம தூக்கிடுவேன்."

சனிக்கிழமை காலையில் அவர் போனுக்கே தமிழ்வாணன் கூப்பிட்டு ஞானசுந்தரியிடம் கொடுக்கச் சொன்னான். மரியாதையான குரல்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. என் படத்தப் பத்தி இனிமே பேசாதீங்க. மூணு வருஷ உழைப்பும்மா. உங்க வீடியோவால படமே காமெடியாயிடுச்சி."

போனை அவரிடம் கொடுத்துவிட்டு, தன் பட்டன் போனில் மகளைக் கூப்பிட்டாள். "நான் இன்னா தப்பா சொல்லிட்டேன் ஜெனி?"

ஒரு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஜெனிஃபர் கொட்டித் தீர்த்தாள். கழுதைச் சத்தம், சிரிப்புச் சத்தம், வீடியோவுக்குக் கீழே எழுதியிருப்பவை எல்லாவற்றையும் படித்துக்காட்டினாள். 'கூட்ற மூஞ்சிக்கு சினிமா கேக்குதா' என்பதை மட்டும் இரண்டு தடவை படித்தாள். "நீ இன்னா சொன்னாலும் அவங்களுக்குக் காமெடிதாம்மா. புரிதா?"

புரிந்தது. ஆனால் அழுவதற்கு நேரமில்லை, ஞாயிறு மேட்னி இருந்தது. அவள் கணக்கு நேரானது. பெரிய ஹீரோ படத்தைத் திட்டினாள், சிரித்தார்கள், கூட்டம் வந்தது. இதைப் பாராட்டினாள், சிரித்தார்கள், கூட்டம் போனது. அப்படியானால் இதையும் திட்டிவிட வேண்டியதுதான். பேர் கெட்டால் கெடட்டும். இருபத்திரண்டு வருடம் காப்பாற்றியதை அந்த மெக்கானிக்குக்காக விட்டாள்.

மத்தியானம் அவளே மோகனைத் தேடிப் போய் நின்றாள்.

"நேத்து தெரியாம சொல்லிட்டேன். படம் குப்ப. கண்ணு தெரியாதவன் கத யாருக்கு வோணும்? தட்டத் தொட்டுக்கினே கீறான், எத்தினி தபா பாக்கறது? பேஜாரு. வராதீங்க." கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. நன்றாகவே நடித்தாள்.

மோகன் ஒரு நொடி யோசித்தான். பிறகு, அவன் வாழ்க்கையிலேயே முதல் முறையாக, நாதஸ்வரம் இல்லாமல், கழுதை இல்லாமல், வெட்டாமல் ஏற்றினான். 'தொடப்பம் அக்காவே உண்மையை ஒத்துக்கிட்டாங்க' என்று தலைப்பு. நல்லது என்று ஒருத்தி மனசு உருகி அழுதால் இந்தச் சனத்துக்குக் கேலி. நாசம் என்று திட்டினால் மட்டும் அவள் வாக்கு சத்திய வாக்கு. அக்கா நேர்மையானவள், தரையைப் பார்த்துச் சொல்பவள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

ஞாயிறு மேட்னிக்கு நாலு பேர் வந்தார்கள்.

ஆட்டம் முடிந்து உள்ளே போனாள். நாலு சீட்டின் கீழேயும் பொட்டலங்கள் பாதியிலேயே நின்றிருந்தன. தாமோதரன் பின்னாலேயே வந்தார்.

"நாளைக்கு வேற படம். வெளிய போஸ்டரக் கிழிச்சிடு ஞானம்."

"சார், ஒரு வாரம் வையி சார். நான் சொன்னது பொய்யி. படம் நல்லா கீது."

தாமோதரன் சிரித்தார். "இருவத்திரண்டு வருசமா உன் வாய்லேர்ந்து பொய் வந்ததில்லன்னு எனக்குத் தெரியாதா? விநியோகஸ்தர்கிட்டயே சொல்லிட்டேன், எங்க ஞானமே குப்பன்னுட்டான்னு."

இத்தனை வருடத்தில் அவள் பேரை அவர் வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை.

"அதுதான் பொய்யி சார். தட்டத் தொட்டுப் பாக்கறான் பாரு..."

"இரு இரு." தாமோதரன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "மோகனுக்கு அனுப்பலாம். இப்ப மொதல்லேர்ந்து சொல்லு, அழுதுக்கினே."

அவள் முதலிலிருந்து சொன்னாள்.