நாலாம் நம்பர் இடம்

எங்கள் குடியிருப்பில் வீடுகள் பன்னிரண்டு, வண்டி நிறுத்தும் இடங்கள் ஒன்பது. கட்டியவருக்கு எண்ணத் தெரியாது என்று சொல்ல முடியாது, விற்கத் தெரிந்திருக்கிறது. கிருத்திகை வந்துவிட்டால் மலைக்கோயிலுக்கு வரும் சொந்தபந்தம் எல்லாம் காரோடு இங்கேதான் வந்து இறங்கும். அன்றைக்கு யார் இடத்தில் யார் வண்டி என்று கிளம்பும் சண்டை பாட்டன் பூட்டன் வரைக்கும் போய்த்தான் நிற்கும். இந்தக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் நான், தீனதயாளன். வேறு யாரும் வேண்டாம் என்று ஒதுங்கியதால் என் தலையில் கட்டிய பதவி.

நான் சொல்ல வந்தது கலீமுல்லா பாயைப் பற்றி. அரக்கோணம் சாலையில் முப்பத்தைந்து வருடம் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தவர். ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். அவருடைய தாத்தா காலத்திலிருந்தே குடும்பம் இந்த ஊர்தான். நான்கு வருடத்துக்கு முன்னால் ஷெட்டை மகன் ஜாஹித்திடம் விட்டுவிட்டு, முதல் மாடியில் ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு மனைவி ஷரீபுன்னிசாவோடு வந்தார். கூடவே ஒரு பழைய வேன். விடியற்காலையில் எங்காவது போக வேண்டியிருந்தால், தெருமுனை வரைக்கும் வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்வார். தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாதாம். எங்களில் ஒருவருக்கும் அந்த எண்ணம் வந்ததில்லை.

பத்திரப்படி அவருக்கு நாலாம் நம்பர் இடம். மாடிப்படியை ஒட்டினாற்போல, உள்ளதிலேயே நல்ல இடம் அதுதான். ஆனால் அவர் வேனை அங்கே விட்டதில்லை. கேட்டுக்கு வெளியே, டீக்கடைக்கு எதிரில்தான் அது வெயிலிலும் மழையிலும் நிற்கும். நாலாம் நம்பரில் சங்கத் தலைவர் வேதாசலத்தின் மனைவி ஜெயம்மாள் தினமும் காலையில் கோலம் போடுவார். மாடி வீட்டில் வாசல் ஏது? படியடியில் இருந்த அந்தக் காலி இடத்தையே வாசலாக்கிக்கொண்டார். கிருத்திகையன்று செம்மண் இட்டு, இடம் முழுவதையும் அடைத்துப் போடுவார். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

போன தை மாதம் ஷரீபுன்னிசாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. முதல் ஆறு மாதம்தான் முக்கியம், ஒரு நாள் விடாமல் பயிற்சிக்கு அழைத்து வாருங்கள், கை கால் திரும்ப வாய்ப்பு இருக்கிறது என்றார் டாக்டர். தினமும் காலை எட்டு மணிக்குப் பாயும் ஜாஹித்தும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் படியிறங்குவார்கள். படியடியில் அன்றைய கோலம் இருக்கும். அதைச் சுற்றிக்கொண்டு, கேட்டைத் தாண்டி, டீக்கடையில் நிற்கும் அத்தனை பேர் கண்ணெதிரிலும் வேனில் ஏற்றுவார்கள். அந்த அம்மாள் நல்ல கையால் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். நான் பால்கனியில் பேப்பரை வைத்துக்கொண்டு பார்ப்பேன். ஐயோ பாவம் என்று நினைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவேன்.

இரண்டு மாதத்தில் அது நின்றுபோனது. "தெருவே வேடிக்க பாக்குது, நான் வரமாட்டேன்" என்று அவர் அழுததாகப் பிற்பாடு ஜாஹித் சொன்னான். பாய் எவ்வளவோ கெஞ்சியும் அவர் இறங்கவில்லை. வீட்டுக்கே ஒருவர் வந்து பயிற்சி கொடுத்தார், அதுவும் வாரத்துக்கு ஒரு முறைதான்.

ஆடிக் கிருத்திகைக்கு நடந்த சண்டை கைகலப்பு வரைக்கும் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டோம். நாலாம் நம்பரை விருந்தாளி வண்டிகளுக்கு ஒதுக்கலாம் என்று தீர்மானம். எழுதியவன் நான். நாலு வருஷமாகப் பயன்படுத்தவில்லை என்று காரணமும் காட்டியிருந்தேன்.

படித்து முடித்ததும் வேதாசலம் கேட்டார்: "என்னா பாய், உங்க எடத்துல நீங்க ஏன் வண்டி உடறதே இல்ல?"

பாய் எழுந்து நின்றார். "அம்மா அங்க கோலம் போடறாங்களேங்க. அதும்மேல எப்படி ஏத்தறது? சாயங்காலம் உட்டாலும், காலையில அவங்க எங்க போடுவாங்க?"

ஜெயம்மாள் பதறிப்போனார். "ஐயையோ பாய்! எடம் காலியா கெடக்குதேன்னுதானே நான் போட்டுகினு இருந்தேன். வேன் ஒசரம், உள்ள வராதுன்னு இல்ல நெனச்சேன்!"

"வருங்கம்மா. குடி வந்த புதுசுல ஒரு நாள் உட்டேன். டயரு கோலத்துல ஏறிடிச்சி. 'நம்ம ஊரு பழக்கம் தெரியாதா பாய்'னு ஒருத்தர் கேட்டாரு. சிரிச்சிகினுதான் கேட்டாரு, தப்பா ஒண்ணும் சொல்லல. அதுலேர்ந்து வெளியவே உட்டுட்டேன்."

அப்படிக் கேட்டவன் நான். படியில் இறங்கும்போது போகிறபோக்கில் சொல்லிவிட்டு, அன்று மாலைக்குள் மறந்தும்விட்டேன். நான் செங்கல்பட்டிலிருந்து இங்கே வந்து பதினோரு வருடம்தான் ஆகிறது. மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிற மனிதரிடம் நான் நம்ம ஊர் பழக்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். என்ன திமிர்! கூட்டத்தில் எழுந்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாயும் என் பக்கம் திரும்பவே இல்லை.

தீர்மானத்தை அடித்துவிட்டோம். "ஒரு வார்த்த சொல்லி இருக்கக் கூடாதா பாய்?" என்று ஜெயம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேட்டிருந்தா சொல்லி இருப்பேம்மா" என்றார் பாய். அவர் குரலில் கோபம் இல்லை.

திங்கட்கிழமை காலையில் வேன் உள்ளே வந்து படியடியில் நின்றது. ஜெயம்மாள் அன்றைக்குக் கேட்டின் ஓரமாக நாலு புள்ளியில் சின்னதாக ஒன்றைப் போட்டிருந்தார். ஷரீபுன்னிசாவை நாற்காலியோடு படியிறக்கி அப்படியே வேனில் ஏற்றினார்கள், தெருவில் யாரும் பார்க்கவில்லை. டாக்டர் சோதித்துவிட்டு, கால் கொஞ்சம் தேறும், கை இனிமேல் கஷ்டம்தான் என்றாராம். ஆறு மாதம் கடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

பத்து நாள் தள்ளிப்போட்டேன். பதினோராம் நாள் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். உட்காரச் சொன்னார். உட்காராமலேயே சொன்னேன்: "அன்னிக்கி படியில அப்படிக் கேட்டவன் நான்தான் பாய்."

"தெரியுமே சார்" என்றார். "நீங்க மொதல்ல ஒக்காருங்க."

தெரிந்துதான் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தேன்.

உள்ளேயிருந்து ஷரீபுன்னிசா சுவரைப் பிடித்தும் சாய்ந்தும் மெதுவாக நடந்து வந்தார். உள்ளறை வாசலில் நின்றுகொண்டார். பின்னாலேயே ஜாஹித் டீயைக் கொண்டுவந்தான். அவனிடமிருந்து டம்ளரை அவரே இடது கையால் வாங்கி, என்னிடம் நீட்டினார். வலது கை புடவைத் தலைப்புக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்தக் கையாலதான் குடுக்க முடியுதுங்க" என்றார். "தப்பா நெனச்சிக்காதீங்க."