பாதி மீசையில் நின்ற கை

அந்த சலூன்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கட்டம் என்றால்தான் தெரியும். கத்தரிக்கோல் பிடிக்கிற கைக்கும் குறுக்கெழுத்துப் புதிருக்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள். தண்ணீர் தெளிக்கும் பாட்டிலுக்குப் பக்கத்தில் பேனா வைத்திருக்கும் மனிதரிடம் பேசி ஜெயிக்க முடியாது.

அவருக்கு ஒரு கோணல் சுபாவம். குறிப்பு காதில் விழுந்து விடை வராவிட்டால் கை அப்படியே நின்றுவிடும். பெஞ்சில் காத்திருப்பவர் குறிப்பை உரக்க வாசிக்க வேண்டும், நாற்காலியில் இருப்பவர் யோசிக்க வேண்டும், இதுதான் கடைச் சட்டம். பாதித் தலையோடு அரைமணி நேரம் உட்கார்ந்திருக்க யாருக்கு ஆசை? வேறு வழியில்லாமல் தெருவே அகராதி புரட்டக் கற்றுக்கொண்டது. முடி வெட்டப் போய் அறிவாளியான தெரு வேறெங்கும் இருக்காது.

அப்படிப்பட்டவரிடம் மகள் அன்று காலை கண்டிப்பாகச் சொன்னாள்.

"அப்பா, இன்னைக்கு ஒரு நாள் பேப்பரைத் தொடாதீங்க. அவங்கப்பா உங்களைப் பார்க்கத்தான் கடைக்கு வர்றாரு. அவருக்குப் பிடிச்சாத்தான் எங்க கல்யாணம்."

"எனக்குத் தெரியாதா? பேப்பரைத் தலைகாணிக்கு அடியில வச்சிட்டேன்."

வருங்காலச் சம்பந்தி வந்தார். படகுத்துறை மேற்பார்வையாளர். மீசை தாராளம், சிரிப்பு சிக்கனம். மீசையை ஒதுக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். இடப்பக்கம் அழகாக முடிந்தது. கத்தரிக்கோல் வலப்பக்கம் போகிற நேரம் பார்த்து இஸ்திரிக்கடைக்காரர் உள்ளே நுழைந்தார். பாவம், அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. வழக்கம்போல் பெஞ்சில் உட்கார்ந்து, தன் பேப்பரை விரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆத்துக்கு நடுவுல இருக்கிற நிலம். நாலு எழுத்து. மூணாவது எழுத்து 'த்'."

கை நின்றுவிட்டது. நகரு சனியனே என்று கட்டம் மனதுக்குள் திட்டிப் பார்த்தார். அது சம்பந்தியின் மூக்குக்குக் கீழே ஆணி அடித்தாற்போல் நின்றது.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. ஆத்துக்கு நடுவுல..."

"தீவு," என்றார் சம்பந்தி, அலட்சியமாக.

"அது ரெண்டு எழுத்துங்க."

"மணல்மேடு."

"அஞ்சு."

"திட்டு."

"மூணு. கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் கட்டம் நாக்கைக் கடித்துக்கொண்டார். சம்பந்தியின் காது சிவந்துவிட்டது.

"காலம் பூரா ஆத்துலயே கிடக்குறவன் நான். எனக்கே ஆத்தைப் பத்திப் பாடமா?"

டீ பிளாஸ்க்கோடு மகள் வந்து நின்றது அப்போதுதான். இஸ்திரிக்கடைக்காரர் அவளுக்காகக் குறிப்பை இன்னொரு முறை வாசித்தார். அவள் பாதி மீசையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், வாயே திறக்கவில்லை. பாழாய்ப்போன நாலு எழுத்துக்காகப் பெற்ற மகளின் வாழ்க்கையைக் கெடுப்பதா?

"தம்பி, பேப்பரை மடிச்சு வைங்க," என்றார் கட்டம்.

பல்லைக் கடித்துக்கொண்டு, விடை தெரியாமலே வலப்பக்கத்தை வெட்டி முடித்தார். அதற்குள் சட்டை தெப்பலாக நனைந்துவிட்டது. சம்பந்தி கண்ணாடியைப் பார்த்துவிட்டு, டீயைக்கூடத் தொடாமல் படியிறங்கிப் போனார்.

அன்று கட்டத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "நானே கெடுத்துட்டேம்மா," என்று புலம்பிக்கொண்டிருந்தார். மகள் மட்டும் நிதானமாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகப் போன் அடித்தது. சம்பந்திதான்.

"அந்த நாலு எழுத்து என்னங்க? ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல. படகுத்துறையில ஒருத்தனுக்கும் தெரியல."

கட்டம் திருதிருவென்று விழித்தார். விடை பேப்பரில் வர ஒரு வாரம் ஆகும். மகள் போனைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வரச் சொல்லுங்க. கல்யாணத் தேதி குறிச்சப்புறம்தான் பதில்னு சொல்லுங்க."

அவரும் அப்படியே ஒப்பித்தார். எதிர்முனையில் சம்பந்தி பெருமூச்சுவிட்டார். "சரி, வர்றோம்."

கட்டம் போனை வைத்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "வர்றேன்னுட்டாரு. பதிலுக்கு எங்கம்மா போறது?"

"துருத்தி. ஆத்து நடுவுல இருக்கிற திட்டுக்குப் பழைய பேரு," என்றாள் மகள்.

"எப்பக் கண்டுபிடிச்ச?"

"நேத்துக் கடையிலயே."

"அடிப்பாவி. அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா இன்னைக்கு அவர் போன் பண்ணியிருப்பாரா?"