நாலாவது கொக்கி

சிரிக்க வேண்டுமென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும், பிறகு சொல்ல மாட்டேன். பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். பொகவந்தலாவையில் எங்கள் தோட்டத்துக்குப் போகிற வழியில், ஆற்று வளைவில் முனி இருக்கிறது என்று பெரிய ஆம்பிளைகளே பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். நான் அந்த வழியாகத்தான் டியூஷன் முடித்து வருவேன், ஒரு முனியும் என்னை ஏனென்று கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டாலும் பேய் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் என் வீட்டில் நடந்ததற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

ஹட்டனில் இருக்கிறேன். பழைய சாமான்களை வாங்கி வீட்டுக்கு ஆகிற மாதிரி மாற்றிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. தகரம் அடித்த தேயிலைப் பெட்டி கிடைத்தால் புத்தக அலுமாரி, உடைந்த தையல் மெஷினின் கால் கிடைத்தால் மேசை, தோட்டத்து லயத்து வீட்டு ஜன்னல் சட்டம் கிடைத்தால் கண்ணாடி. கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து உள்ளே பல்ப் மாட்டிக் கொடுத்தால் நுவரெலியா கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் ஒன்றுக்குப் பத்து கேட்கிறார்கள். எங்கள் அக்கா முதுகு கூனிச் சுமந்த கூடையின் கீழே யாரோ உட்கார்ந்து சூப் குடிக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும். மரம் மரம்தான், இரும்பு இரும்புதான், யார் வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வராது என்பேன். அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன வருஷம் எங்கள் தோட்டத்துப் பழைய பிள்ளைக்காம்பராவை இடித்தார்கள். பிள்ளைக்காம்பரா என்றால், அம்மாமார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறபோது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். அங்கே சுவரோரமாக ஒரு நீளச் சட்டம், அதில் ஆறு இரும்புக் கொக்கி. கங்காணிகூட அதில் கை வைக்க மாட்டார், அது தாய்மார் இடம். ஒவ்வொரு அம்மாவும் தன் பழைய சேலையைக் கொண்டுவந்து தன் கொக்கியில் தொட்டில் கட்டுவாள், வேலை விட்டதும் பிள்ளையோடு சேலையையும் அவிழ்த்துக்கொண்டு போய்விடுவாள். வெறும் தொட்டில் தொங்கக் கூடாது, அதை ஆட்டவும் கூடாது, பிள்ளைக்கு ஆகாது. காலையில் ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை, பால் கொடுக்க அம்மாமாரை மலையிலிருந்து விடுவார்கள்.

என் வீட்டுக்காரர் அந்தோனி லொறி ஓட்டுகிறார். இடித்த மரத்தை ஏற்றப் போனவர் அந்தச் சட்டத்தை, ஆறு கொக்கியோடு, எனக்கென்று கொண்டுவந்து வாசலில் இறக்கினார். நல்ல கனமான மரம், வெள்ளைக்காரன் காலத்து மரம், பை, குடை, மழைக்கோட்டு மாட்ட நம்ம வீட்டுக்கே வைத்துக்கொள் என்றார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொன்னால் ஏன் என்று கேட்பார். அந்த ஏனுக்குப் பதில் சொல்ல எனக்கு இருபத்து நாலு வருஷமாக வாய் வரவில்லை.

அதை இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்கு விவரம் தெரிவதற்கு முன்னாலேயே அம்மா போய்விட்டார். என்னைவிட ஒன்பது வயது மூத்த பிலோமினா அக்காதான் கொழுந்து பறித்து என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பியது. அக்காவுக்கு ஒரே பிள்ளை, ஸ்டெல்லா, ஏழு மாசம். அத்தான் கொழும்புக்கு வேலைக்குப் போனவர் போனவர்தான். எனக்கு அப்போது பதிமூன்று வயது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பிள்ளைக்காம்பரா ஆயாம்மா என்னைக் கூப்பிட்டு, பாப்பாவுக்குக் காய்ச்சலாகக் கிடக்கிறது, எழுப்பினாலும் எழும்பவில்லை, நான் மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு வர முடியாது, நீ எட்டாம் நம்பர் மலைக்கு ஓடிப்போய் அக்காவை உடனே வரச்சொல் என்றார்.

நான் ஓடத்தான் செய்தேன். வழியில் எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் அன்றைக்குத்தான் புது டீவி வந்திருந்தது. மலைக்குப் போகாதவர்கள் எல்லாம் வாசலில் நின்றார்கள். ஐந்து நிமிஷம் பார்ப்போம் என்று நின்றேன். எப்படியும் மூன்று மணிக்கு அக்கா பால் கொடுக்க வரத்தானே போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அது மழை விட்டு வெயில் அடித்த வாரம், கொழுந்து முற்றிப்போகும் என்று எல்லோரும் விழுந்து விழுந்து பறித்த நாள். அப்படி நாட்களில் பறிக்கிற நிரையைப் பாதியில் விட்டுவர மனசில்லாமல் அம்மாமார் மூன்று மணிப் பாலைத் தள்ளிப் போடுவார்கள், தோட்டத்தில் பிறந்த எனக்கு அது தெரியும். தெரிந்தும் நின்றேன். அக்கா நாலரைக்குத்தான் வந்தாள். பிள்ளை போய்விட்டது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆயாம்மாவும் என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை, பிறகு அவரும் செத்துப்போனார். அக்கா அதற்குப் பிறகும் என்னைப் படிக்கவைத்தாள், கட்டிக்கொடுத்தாள். அவள் சோறு போடுகிற ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டு எழுவேன்.

சரி, சட்டத்துக்கு வருவோம். பச்சைப் பெயின்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்து, கொக்கிகளுக்கு எண்ணெய் போட்டு, முன் அறையில் பொருத்தினோம். வருகிறவர்கள் எல்லாம் அழகாக இருக்கிறது என்றார்கள். ஒரு கிழமை கழித்து, பட்டப்பகல், வெளியே மூடுபனி, ஜன்னல் கதவெல்லாம் சாத்தியிருக்கிறது, நான் தரையில் உட்கார்ந்து ஒரு கூடைக்குத் துணி தைத்துக்கொண்டிருக்கிறேன். என்னவோ கிரீச், கிரீச் என்கிறது. நிமிர்ந்து பார்த்தால் நாலாவது கொக்கியில் மாட்டியிருந்த என் பை ஆடுகிறது. பக்கத்தில் மழைக்கோட்டு அசையவில்லை, குடை அசையவில்லை. அது மட்டும் நிதானமாகப் போய்ப் போய் வருகிறது.

ரோட்டில் லொறி போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். மறுநாளும் ஆடியது. மணி பார்த்தேன், மூன்று. நான் விடுகிற ஆளில்லை, பையைக் கழற்றி மூன்றாவது கொக்கியில் மாட்டினேன், அங்கே அது சும்மா தொங்கியது. நாலாவதில் ஐந்து கிலோ அரிசிப் பையை மாட்டினேன். நம்பினால் நம்புங்கள், அதுவும் ஆடியது, கனத்துக்கு ஏற்ற மாதிரி மெதுவாக. அந்தோனி ஒரு நாள் பார்த்துவிட்டு, பலகை இடுக்கில் காற்று வருகிறது என்று சொல்லிப் போய்விட்டார். எந்தக் கொக்கி ஸ்டெல்லாவுடையது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகு அதில் எதையும் மாட்டாமல் விட்டேன்.

அடுத்த மாதம் அக்கா கண் கிளினிக்குக்கு வந்தாள். அவள் வருவதற்குள் சட்டத்தைக் கழற்றிவிடச் சொல்லி அந்தோனியிடம் சொல்லியிருந்தேன், அவர் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தார், அவளோ ஒரு நாள் முன்னாலேயே வந்து நின்றாள். உள்ளே வந்தவள் சட்டத்தைப் பார்த்தாள். ஆறு கொக்கியில் ஐந்தில் சாமான் இருந்தது, சும்மா இருந்த நாலாவதில் தன் துணிப்பையை மாட்டினாள். நான் தடுக்காமல் சோறு போடப் போனேன். சாப்பிட்டோம். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குப் பை ஆடத் தொடங்கியது. அக்கா பயப்படவில்லை. எழுந்து போனாள், பையின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கினாள், தொட்டிலில் கிடக்கிற பிள்ளையின் முதுகைத் தாங்குகிற மாதிரி. ஆட்டம் நின்றது.

"பசி வந்திருச்சு அதுக்கு" என்றாள்.

திரும்பியவளைப் பார்த்தேன். அவளுடைய சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்து பரவியிருந்தது. அக்காவுக்கு நாற்பத்தாறு வயது, ஸ்டெல்லாவுக்குப் பிறகு பிள்ளை இல்லை. தண்ணீர் சிந்தியிருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் சொல்லிப் பார்த்தேன். பால் வாடை எனக்குத் தெரியாதா?

அப்படியே அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். "அக்கா, அன்னைக்கு ஆயாம்மா ஒங்கள கூட்டியாரச் சொல்லி என்னையத்தான் அனுப்புனாங்க. நான் வரல. டீவி பாத்துக்கிட்டு நின்னுட்டேன்."

அக்கா என் தலையைத் தடவினாள். "தெரியும்டி. ஆயாம்மா அன்னைக்கே அழுதுகிட்டு சொல்லிட்டாங்க."

"அப்புறம் ஏங்க்கா என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டிருந்தா நீயும் என்னைய விட்டுட்டுப் போயிருப்ப" என்றாள். "எனக்கு அப்ப நீ ஒருத்திதானே இருந்த."

இருபத்து நாலு வருஷமும் நான் மட்டும்தான் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவள் என்னுடையதையும் சேர்த்துச் சுமந்திருக்கிறாள், கொழுந்துக் கூடையையும் சுமந்துகொண்டு. அன்றைக்கு நான் அழுத அழுகையைப் பார்த்து லொறியை விட்டு இறங்கி வந்த அந்தோனி பயந்துபோய்விட்டார்.

கழற்றிவிடலாமா என்று கேட்டதற்கு, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அக்கா மறுநாள் கிளினிக் முடிந்து பஸ் ஏறினாள். மாதம் ஒரு தடவை வருகிறாள். அந்தச் சட்டத்தை நுவரெலியாவில் ஒரு அம்மா விலைக்குக் கேட்டார், கொடுக்கவில்லை. நாலாவது கொக்கியில் நாங்கள் எதையும் மாட்டுவதில்லை, ஆகையால் இப்போது ஆடுவதற்கும் ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து பாருங்கள். ஹட்டன் ஈரத்துக்கு மற்ற ஐந்து கொக்கியும் எவ்வளவு எண்ணெய் போட்டாலும் துருப்பிடிக்கிறது. நாலாவதை நான் தொடுவதே இல்லை. அதன் உள்வளைவு, சேலை முடிச்சு உட்காருகிற அந்த இடம் மட்டும், தினமும் துணி உரசின மாதிரி பளபளவென்று இருக்கிறது. இப்போதெல்லாம் கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே போய் அதன் கீழே நின்றுகொள்கிறேன்.